பேராயர் கேட்ட தமிழும் மரக்காணத்து உப்பும்

வடமொழியின் துணையின்றித் தமிழ் தனித்து நிற்குமா என்னும் கேள்வியை அவைகளில் கேட்பார் உளர். நாளிதழ்களில் கேட்பார் உளர். பல்கலைக்கழகப் படிக்கட்டுகளில் நின்று கேட்பாரும் உளர். மரக்காணத்து உப்பளத்தில் மட்டும் அதனை எவரும் கேட்பதில்லை. அங்கே தமிழ் நாள்தோறும் தனித்து நின்றுகொண்டிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்க்கரையில், பக்கிங்காம் கால்வாய் வந்து முடியுமிடத்தில், கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் அணித்தாக மரக்காணத்தின் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடியும் வேதாரணியமும் மரக்காணமுமே உப்புக்குப் பெயர்பெற்ற கரைகள். கழியிலிருந்து உவர்நீர் வாய்க்கால் வழியே பாத்திக்கு வருகிறது, வெயில் காய்கிறது, நீர் சுண்டுகிறது, உப்புப் பூக்கிறது, உழைப்பாளர் அதனை வாரி வரப்பில் குவிக்கின்றனர், ஐப்பசி மழை தொடங்கியதும் அளம் ஓய்கிறது. இத்தொழில் முழுவதையும் சொல்லி முடிக்கக் கழி, உவர், அளம், பாத்தி, வரப்பு, வாய்க்கால், சுண்டல், பூத்தல், வாருதல், குவியல் என்னும் சொற்கள் போதும். இவற்றுள் எதுவும் வடக்கிலிருந்து கடன் வாங்கியதன்று. இச்சொற்களைப் புழங்குவோர் தனித்தமிழ் மாநாடு எதற்கும் சென்றவரல்லர். மறைமலையடிகளின் பெயரையும் கேட்டிருக்க மாட்டார். ஆயினும் அவர்தம் தொழில்மொழி தூய தமிழாகவே இருக்கின்றது.

இவ்வுண்மையை ஏட்டில் எழுதி உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், இத்தகைய உழைப்பாளர் நடுவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்த ஓர் அயல்நாட்டுப் பேராயர். அவரே இராபர்ட்டு கால்டுவெல். அவரைத் தமிழர் போற்றுகின்றனர், சிலையெடுத்துள்ளனர், மேடைதோறும் பெயர் சொல்லுகின்றனர். ஆனால் அவர் தம் உண்மையை எங்கே கண்டார், எவர் வாயிலாகக் கண்டார், எங்கெங்கே வழுவினார் என்பனவற்றை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அவற்றை எண்ணாமல் அவரைப் போற்றுவது வெறும் மாலையிடலாய் முடியும்.

அயர்லாந்திலிருந்து தேரிமணலுக்கு

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் இசுக்காட்லாந்தியப் பெற்றோர்க்குப் பிறந்தார். இளமையில் ஓவியம் பயின்றார். பின்னர் சமயத் தொண்டில் நாட்டங்கொண்டு இலண்டன் மிசன் கழகத்திற் சேர்ந்து கிளாசுகோ பல்கலைக்கழகத்திற் கற்றார். அங்கே கிரேக்கம் கற்பித்த தானியேல் சாண்டுபோர்டு என்னும் பேராசிரியரே மொழிகளை ஒப்புநோக்கும் ஆர்வத்தை அவர் உள்ளத்தில் விதைத்தவர். 1838 சனவரியில் அவர் சென்னையில் வந்திறங்கினார். அப்போது அகவை இருபத்து மூன்று.

சென்னையில் மூன்றாண்டு தமிழ் கற்றபின், தாம் சேர்ந்து வந்த கழகத்தை விட்டு 1841-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருத்துவம் ஏற்றார். அச்சபையின் நற்செய்திக் கழகம் அவரைத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பியது. அவர் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டார். சோழநாட்டு ஊர்களையும் நீலமலையையும் மதுரையையும் கண்டு, வழியெல்லாம் மக்களையும் அவர்தம் பேச்சையும் அறிந்துகொண்டு, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். பல்லக்கிற் சென்றிருந்தால் பல்லக்குத் தூக்குவோரின் மூச்சிரைப்பை மட்டுமே கேட்டிருப்பார். நடந்து சென்றமையால் நாட்டின் பேச்சைக் கேட்டார்.

இடையன்குடி, செம்மணல் தேரி சூழ்ந்த சிற்றூர். அங்கே பனையே செல்வம். பாளை சீவி, பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி வாழும் மக்களே அவர்தம் திருச்சபையார். ஐம்பதாண்டுக் காலம் அவர்தம் வாழ்க்கை அவ்வூரைச் சுற்றியே அமைந்தது. தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறு தோண்டுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1844-இல் நாகர்கோவிலில் தொண்டாற்றிய சார்லசு மால்ட்டின் மகள் எலிசாவை மணந்தார். எலிசா இளமையிலேயே தமிழ் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் பள்ளியும் சரிகைப்பின்னல் தொழிலும் இடையன்குடியில் வேரூன்றியது அவரால். கணவர் ஏட்டில் ஆராய்ந்த மொழியை மனைவியார் முற்றத்தில் பேசினார். இவ்விரு வழியும் ஒருங்கே வாய்த்த இல்லம் ஆராய்ச்சியாளர் பலர்க்குக் கிட்டாதது.

இடையன்குடியில் அவர் எழுப்பிய தூய திரித்துவக் கோயில் 1847-இல் தொடங்கி 1880-இல் நிறைவுற்றது. முப்பத்து மூன்று ஆண்டுப் பணி. அதற்கிடையே 1877 மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவில் அவரும் எட்வர்டு சார்சண்டும் சென்னைப் பேராயர்க்குத் துணைப் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப் பெற்றனர். அப்போது திருநெல்வேலிச் சீமை கொடும் பஞ்சத்தில் இருந்தது. பேராயர் என்ற பெருமையைத் துய்க்கும் காலமன்று அது. பசித்தோர்க்குக் கஞ்சி தேடும் காலம். 1883-இல் தூத்துக்குடிக்குச் சென்று தங்கிக் கல்விப் பணியை விரிவாக்கினார். உப்பளங்கள் சூழ்ந்த அக்கரை, பனைநாட்டில் வாழ்ந்த பேராயரின் முதுமைக்காலத்து இருப்பிடமாயிற்று. 1891 ஆகத்து 28-ஆம் நாள் கோடைக்கானலில் உயிர் நீத்தார். உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அவர் எழுப்பிய கோயிலினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த நாட்டில் புதைகுழி தேடாதவர் அவர்.

பனைநாட்டார் வாயிற் பிறந்த சான்று

1856-இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அறிஞருலகை அதிரச் செய்தது. அதற்கு முன் கோல்புரூக்கு, கேரி முதலிய மேனாட்டறிஞர், இந்திய மொழிகள் அனைத்தும் வடமொழியிற் பிறந்தனவென்றே எழுதி வந்தனர். அக்கொள்கையை முதலில் மறுத்தவர் கால்டுவெல் அல்லர் என்பதையும் நேர்மையோடு சொல்லுதல் வேண்டும். சென்னையில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எல்லிசு, 1816-ஆம் ஆண்டிலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழிக் குடும்பத்தைச் சாராத தனிக்குடும்பம் என்று சொற்பட்டியலோடு காட்டினார். எல்லிசு 1819-இல் மறைந்தார். அவர் கருத்தும் அவரோடு மறைந்தது போலாயிற்று. அதனை முழு இலக்கணமாக விரித்து, எவரும் தள்ளிவிட முடியாத நூலாக்கிய பெருமை கால்டுவெல்லுக்கு உரியது. 1875-இல் அதனை விரிவாக்கி, பண்பட்ட மொழிகள் ஆறும் பண்படாதன என்று அவர் கருதிய மொழிகள் ஆறுமாகப் பன்னிரு மொழிகளை ஒப்பிட்டார்.

அவருடைய ஆராய்ச்சி சொற்பட்டியலோடு நில்லாது மொழியின் எலும்புக்கூட்டைத் தொட்டது. உயர்திணை அஃறிணைப் பாகுபாடு வடமொழிக்கு இல்லை. தமிழுக்கு அதுவே அடிப்படை. கேட்போனையும் உளப்படுத்தும் நாம் என்பதும், அவனை நீக்கிய நாங்கள் என்பதும் வடமொழியில் வேறுபடா, தமிழில் வேறுபடும். வேற்றுமையுருபுகள் ஒட்டும் முறை, எண்ணுப்பெயர்கள், மூவிடப்பெயர்கள், எதிர்மறை வினை யாவும் தமிழினத்துக்கே உரியன. சொல்லைக் கடன் வாங்கலாம். எலும்பைக் கடன் வாங்கவியலாது. ஆகவே வடசொல் எவ்வளவு கலந்திருப்பினும் தமிழின் பிறப்பு வேறு என்பது உறுதியாயிற்று.

இவற்றினும் தனித்தமிழ் அன்பர் நெஞ்சிற் பதிக்க வேண்டிய ஒரு பகுதி அந்நூலின் முன்னுரையில் இருக்கிறது. தமிழ் வேண்டுமாயின் வடமொழியை முற்றிலும் விலக்கிவிட்டுத் தனித்து நிற்கவும் தழைக்கவும் வல்லது என்று அவர் எழுதியதை எல்லாரும் அறிவர், மேடைகளிற் சொல்வர். அக்கூற்றுக்கு அவர் காட்டிய சான்றைச் சொல்வார் குறைவு. செந்தமிழ்ச் செய்யுள் வடசொல்லை விலக்கி நிற்பதை முதலிற் காட்டினார். அடுத்ததாக, நாட்டுப்புறத்தில் ஒதுங்கி வாழும் மிகத் தாழ்ந்த நிலையினராகக் கருதப்பட்ட மக்களின் பேச்சும், வடசொல் கலவாமையில் அச்செந்தமிழோடு பெரிதும் ஒத்திருக்கிறதென்று எழுதினார். புலவரின் பாட்டும் பாட்டாளியின் பேச்சும் இரு முனைகளிலிருந்து வந்து ஒன்றுபடுகின்றன. இடையில் நிற்கும் படித்தோரின் உரைநடையே கலப்படமானது என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவை நூலகத்திலிருந்து எவரும் அடைந்திருக்க முடியாது. இடையன்குடித் தேரியில் பாளையென்றும் கலயமென்றும் வடலியென்றும் ஓலையென்றும் பேசியவர் வாயைக் கேட்டவரே அதனை எழுத முடியும். அக்காலத்து ஊர்ப் புலவர் எத்தனையோ பேர் அம்மக்களின் பேச்சைக் கொச்சையென்று ஒதுக்கினர். அயல்நாட்டுக் குரு ஒருவர் அதனைச் சான்றென்று கொண்டார்.

கரையிற் கிடந்த பழஞ்சான்று

பேராயர் கேட்ட பேச்சு நெல்லைச் சீமையது. அவர் சொன்ன உண்மை தமிழகம் முழுமைக்கும் பொருந்துமா என்று பார்க்க மரக்காணமே நல்ல உரைகல். அங்கே பேச்சுச் சான்றும் பாட்டுச் சான்றும் ஒரே மண்ணிற் கிடைக்கின்றன.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை நத்தத்தனார் பாடினார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் அப்பாட்டில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரையூர் வருகிறது. அவ்வூரே இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அதே நாட்டில் அப்பாட்டு கூறும் வேலூரை இன்றைய உப்புவேலூரெனவும், கிடங்கிலைத் திண்டிவனத்தின் பகுதியெனவும் கொள்வர். எயில் என்பது மதில். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழி நூல், இக்கரையிலுள்ள துறைமுகங்களைச் சொல்லும்போது பொதுகை, சோபட்டுமா என்னும் பெயர்களைத் தருகிறது. பொதுகை, புதுவைக்கருகே அரிக்கமேடு. சோ என்பதும் தமிழில் மதிலரணையே குறிக்கும். ஆகலின் சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்று கொள்வாருண்டு. கிரேக்கன் நாவிற் புகுந்து வெளிவந்தும் தமிழ்ப்பெயர் தன் பொருளை இழக்கவில்லை.

உப்பின் சொற்களும் அவ்வாறே நெடிய வாழ்வுடையன. சங்கச் சான்றோர் உப்பு விளைப்போரை ஏர்பூட்டாத உழவராகக் கண்டனர். உப்பை வண்டியிலேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்றவர் உமணர். உமணப் பெண்டிர் நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவி விற்றனர். கடற்கரை உழைப்பு வயற்கரை உழைப்புக்கு ஒப்பானதென்னும் அக்கருத்து இன்றும் சொல்லில் வாழ்கிறது; பாத்தி, வரப்பு, விளைச்சல் என்னும் உழவுச் சொற்களே அளத்திலும் வழங்குகின்றன. சம்பென்னும் நெல்லும் அளமென்னும் உப்பும் கூலியாகக் கொடுக்கப்பட்டமையாலேயே சம்பளம் என்னும் சொல் பிறந்ததென மொழிஞாயிறு பாவாணர் விளக்குவார். மாதக் கடைசியில் அலுவலகத்தில் கையொப்பமிட்டுச் சம்பளம் வாங்குவோர், தம் நாவில் உப்பளத்துச் சொல் இருப்பதை அறியார்.

இங்கே ஒன்றைக் கருதல் வேண்டும். கால்டுவெல் தம் நூலை எழுதியபோதும் திருத்தியபோதும் சிறுபாணாற்றுப்படை அச்சேறவில்லை. சி.வை. தாமோதரனார் கலித்தொகையை 1887-இல் பதிப்பித்தார்; உ.வே. சாமிநாதர் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தார். ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு 1875-இலேயே முடிந்துவிட்டது. சங்கப் பாட்டின் பெருஞ்செல்வத்தைக் காணாமலே, பிற்காலச் செய்யுளையும் நாட்டார் பேச்சையும் கொண்டே அவர் தமிழின் தனித்தன்மையை நிறுவினார். பின்னர் வந்த ஏடுகள் அவர் கூற்றுக்கு அரணாய் அமைந்தன.

வழுவிய இடங்கள்

ஏடு இல்லாமையால் நேர்ந்த வழுவும் உண்டு. தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தைக் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளுக்கு மிக முன்னே கொண்டுசெல்ல அவர் துணியவில்லை. எயிற்பட்டினத்தைப் பாடிய புலவரும் அக்கரையைக் குறித்த கிரேக்க வணிகரும் அக்கணக்கைப் பொய்யாக்கினர். அவரே 1877-இல் தோண்டிப் பார்த்த கொற்கையில், பின்னாளில் 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரிப்பொருளின் காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டென ஆய்வில் தெரிந்தது. அவர் நின்ற மண்ணே அவர் கணக்கைத் திருத்தியது.

பெயராய்வில் நேர்ந்தது அதனினும் பெரிய வழு. மொழிக்குடும்பத்துக்குத் திராவிடம் என்னும் பெயரை அவர் வடநூலினின்று எடுத்தார். குமாரிலபட்டர் வழங்கிய சொல் அவர்க்குச் சான்றாயிற்று. அத்தோடு நில்லாமல், திராவிடம் என்பதினின்று தமிழ் என்னும் பெயர் திரிந்ததாகக் கொள்வதே எளிதென்றும் எழுதினார். தாய் மகளிடம் பிறந்தாள் என்பது போன்றது இது. பாவாணர் 1940-இல் ஒப்பியன் மொழிநூலிலும் 1944-இல் திராவிடத் தாயிலும் இதனை மறுத்து, தமிழ் என்பதே தமிள, திரமிள, திரமிட, திரவிட எனத் திரிந்ததென்று முறைப்படுத்திக் காட்டினார். கால்டுவெல்லைப் பாவாணர் மறுத்தது அவரைத் தூற்றுவதற்கன்று. அவர் தொடங்கிய ஆராய்ச்சியை நேராக்குவதற்கே.

ஆராய்ச்சி வழுவைப் பொறுக்கலாம். மாந்தரை இழித்த வழு எளிதிற் பொறுக்கத்தக்கதன்று. 1849-இல் அவர் நெல்லைப் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். இங்கிலாந்தில் பொருளுதவி வேண்டி எழுதிய அந்நூலில், தம்மோடு உண்டு உழைத்த மக்களையே அறிவிற் குறைந்தவராகவும் இலங்கையினின்று வந்தேறியவராகவும் தாழ்த்தினார். அம்மக்கள் வாளா இருக்கவில்லை. சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம், வெள்ளையர் தலைமையை உதறி 1857-இல் தனித் திருச்சபை கண்டார். பின்னாளில் நாடார் பெருமக்கள் முறையீட்டு மேல் முறையீடு அனுப்பினர். கால்டுவெல் அந்நூலை வழக்கிலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. எம்மக்களின் நாவைச் சான்றாகக் கொண்டாரோ அம்மக்களின் மாண்பைக் காணத் தவறினார். சொல்லை மதித்துச் சொல்லுவோனை மதியாத பார்வை அயலார்க்கே உரியதன்று. உள்நாட்டாரிடத்தும் அது குறைவின்றி இருக்கிறது.

எனினும் ஒன்றை மறைத்தல் நயன்மையாகாது. ஒடுக்கப்பட்ட குலத்தாரும் தமிழினத்தாரே, வேற்றினத்தாரல்லர் என்று 1875-ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் அவர் வழக்காடினார். 1913-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. நெடுங்காலம் தமிழர் படித்தது அந்தக் குறைப் பதிப்பையே. கவிதாசரண் பதிப்பகத்தார் 2008-இல் இரண்டாம் பதிப்பை முழுமையாக மறுபடி அச்சிட்ட பின்னரே விடுபட்ட பகுதிகள் பலர் கண்ணில் பட்டன. பேராயரின் வழுவைச் சொல்லும் வாய், அவர் சொன்ன நேர்மையையும் சொல்லுதல் வேண்டும்.

வேறொரு முரண் தனித்தமிழ் அன்பர்க்கு மிகவும் நெருங்கியது. 1858-இல் தொடங்கிய விவிலியத் திருத்தக் குழுவில் பவர் என்பார் தலைமையில் கால்டுவெல்லும் இருந்தார். 1871-இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு தேவன், கிருபை, இரட்சிப்பு, விசுவாசம், பரிசுத்தம், நீதிமான் என வடசொல் மலிந்தே வந்தது. குழுவினர் பலர், முந்தைய மொழிபெயர்ப்புகளுக்கு மக்கள் பழகியிருந்தனர், ஆகலின் முழுப்பழியும் ஒருவர்மேல் ஏறாது. ஆனால் தமிழ் தனித்து நிற்குமென 1856-இல் எழுதிய கை இருந்த குழுவே, தன் திருநூலில் அதனைத் தனித்து நிற்க விடவில்லை. பனைநாட்டார் பேச்சு ஆராய்ச்சிக்கு உதவும், இறைவனோடு பேச உதவாது என்னும் எண்ணம் எங்கோ உள்ளத்தடியில் இருந்தது போலும். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் கடவுள், அருள், மீட்பு, நம்பிக்கை, தூய்மை, நேர்மையாளர் என்னும் சொற்களால் அதே செய்தியைக் கூறியது. பேராயரின் கூற்று மெய்யென்பதை அவருடைய சமயத்தாரே நூற்று இருபத்து நான்கு ஆண்டு கழித்து மெய்ப்பித்தனர்.

அன்பர் கடன்

இவையனைத்தும் காட்டுவது ஒன்றே. உழைப்பாளர் நாவைக் கேட்ட இடத்தில் கால்டுவெல் வென்றார். கேளாது வடநூலையும் படித்தோர் வழக்கத்தையும் தம் இனச் செருக்கையும் நம்பிய இடங்களில் வழுவினார். தமிழர் அவரிடம் பெறத்தக்கது புகழ்மொழிச் சான்றிதழன்று. காது கொடுத்துக் கேட்கும் முறை. வெள்ளையர் ஒருவர் சொன்னார் என்பதற்காகத் தமிழ் பெருமையுடையதாகிவிடவில்லை. தமிழ் பெருமையுடையதாக இருந்தமையால் அவர் அதனைச் சொல்ல நேர்ந்தது.

இதே குறை தனித்தமிழ் அன்பரிடமும் புகுந்து வருகிறது. அயற்சொல் ஒன்றைக் கண்டால் உடனே அகரமுதலியைப் புரட்டி, வேர் தேடி, புதுச்சொல் புனைகின்றனர். அது வேண்டற்பாலதே. ஆனால் அச்சொல்லுக்கு உரிய தமிழ் ஏற்கனவே ஏதேனும் ஓர் அளத்திலோ படகிலோ பட்டறையிலோ உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. புனைந்த சொல் அச்சில் நிற்கிறது. உயிருள்ள சொல் கேட்பாரின்றி மாய்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கும் பொருந்தும்.

மாய்கின்றது என்பது மிகையன்று. மரக்காணத்தில் கொளுத்தும் வெயிலில், கூசும் வெண்மையில், காலை அரிக்கும் உவரில் நின்று உழைப்போர் தம் மக்களை அத்தொழிலுக்கு விட விரும்புவதில்லை; அவரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. மழைக்காலத்தில் வேலையின்றி இருப்போரின் நிலையை எண்ணாமல் சொல்லை மட்டும் எண்ணுவது, 1849-இல் பேராயர் செய்த வழுவை மறுபடி செய்வதாகும். உப்பு இந்திய அரசியலமைப்பில் ஒன்றியப் பட்டியலின் 58-ஆம் இனம். தமிழன் வியர்வையில் விளையும் உப்பைப் பற்றிய முடிவுகள் தமிழ் அறியா அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. உழைப்பவன் வாழ்வும் அவன் சொல்லும் ஒருங்கே காக்கப்பட வேண்டியவை. ஒன்றை விட்டு ஒன்று நில்லாது.

ஆகவே செய்யத்தக்கது தெளிவு. ஊர்தோறும் உள்ள அன்பர் மன்றங்கள், தத்தம் பக்கத்துத் தொழிலொன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். மரக்காணத்துக்கு அணித்தாயிருப்போர் உப்பளத்துக்குச் செல்லட்டும். ஏடும் எழுதுகோலும் கொண்டு, மூத்த ஆடவரிடமும் பெண்டிரிடமும், கருவிக்கு என்ன பெயர், நீரின் பதத்துக்கு என்ன பெயர், நல்ல உப்புக்கும் மட்ட உப்புக்கும் என்ன பெயர், காற்றுக்கும் வெயிலுக்கும் என்ன பெயர் என்று கேட்டெழுதட்டும். கேட்பவர் ஆசிரியராகச் செல்லாமல் மாணாக்கராகச் செல்லட்டும். தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் அதே பொருளுக்கு வேறு சொல் இருக்கலாம். அவற்றையும் திரட்டி ஒருசேர அடுக்கினால் உப்புத் தொழிலுக்கு ஒரு முழுமையான தமிழ் அகராதி உருவாகும். அதன்பின் எச்சொல் இல்லையோ அதனை மட்டும் புனையலாம்.

சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. நடுவணரசு 2010-இல் அவர் பெயரால் அஞ்சல்தலை வெளியிட்டது. சிலைக்கு ஆண்டுக்கொருமுறை மாலையிடுவது எளிது. அதற்கு அரைமணி நேரம் போதும். அளத்து வரப்பில் அமர்ந்து ஒரு மூதாட்டியின் சொற்களைக் கேட்டெழுதக் கோடை முழுவதும் வேண்டும். அயர்லாந்தில் பிறந்தவர் ஒருவர் அதற்கு ஐம்பதாண்டு கொடுத்தார். தமிழ்நாட்டிற் பிறந்தவர் ஒரு கோடையாவது கொடுத்தல் வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் மரக்காணத்தில் பாத்தி கட்டத் தொடங்குவர். கேட்பவர் அன்றே அங்குச் சென்று சேர்க.